வெள்ளிக் கரண்டியில் முத்திரை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். போர்ட்டோபெல்லோ சாலைச் சந்தையில் பழைய வெள்ளி ஸ்பூன், ஃபோர்க் எல்லாம் கிடைக்கின்றன. சேகரிக்க ஆசை. அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முழு செட்டாக வாங்கலாமா?

பதில்: ஒரு லென்ஸ் வாங்கிக்கொண்டு சிங்கத்தைத் தேடுங்கள். நடக்கிற சிங்கம்தான் இங்கிலாந்தில் ஸ்டெர்லிங்குக்கு, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளிக்கு, முத்திரை. கூடவே சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம். பழைய ஷெஃபீல்டு பொருளில் கிரீடம் இருக்கும். தனி எழுத்து ஆண்டைச் சொல்லும்; எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் அதைப் படிக்க முடியும். அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் 1784க்கும் 1890க்கும் இடையில் வரி கட்டிய பொருளாகப் பெரும்பாலும் இருக்கும். ஈ.பி.என்.எஸ். (EPNS) என்று இருந்தால் வேறு உலோகத்தின் மேல் பூசிய வெறும் வெள்ளி முலாம். அந்த எழுத்துகளை அசல் முத்திரைபோலத் தனித்தனிக் கட்டத்தில் போட்டிருப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

முத்திரை சரியாக இருந்தாலே பலர் வாங்கிவிடுகிறார்கள். நான் அதைவிடத் தேய்மானத்தைத்தான் பார்ப்பேன். வலது கையால் தட்டில் சுரண்டிச் சுரண்டி ஸ்பூன் குழியின் இடது நுனி தேய்ந்து கோணலாகிவிடும். ஃபோர்க்கின் பற்கள் குட்டையாகிவிடும். இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. காம்பில் வாயால் ஊதிப் பாருங்கள். அழித்த குடும்பச் சின்னத்தின் நிழல் தெரியலாம். அந்த இடத்தில் வெள்ளி மெலிந்திருக்கும்.

18ஆம் நூற்றாண்டு ஃபோர்க்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். அவை ஸ்பூன்களைவிட அரிது என்பதால், ஸ்பூன் குழியை வெட்டிப் பல்லாக்கியவையும் சந்தையில் உண்டு. பற்கள் தகடுபோல மெலிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். அப்படி மாற்றியதைப் புதிதாக முத்திரை பெறாமல் விற்பது பிரிட்டனில் சட்டவிரோதம்.

ஒரே ஆண்டு, ஒரே பட்டறை என்று பொருந்திய செட்டுக்கு விலை ஏறிவிடும். ஓல்டு இங்கிலிஷ் அல்லது ஃபிடில், ஏதாவது ஒரு காம்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். டீஸ்பூனில் தொடங்கினால் செலவும் குறைவு, கண்ணும் பழகும். 1761இல் தன் முத்திரையைப் பதிவு செய்த ஹெஸ்டர் பேட்மன் என்ற விதவையின் பட்டறைப் பொருளுக்குத் தனி விலை. கைக்கு வந்தால் நிச்சயம் பாருங்கள், ஆனால் அவர் பெயருக்காக நுனி தேய்ந்ததை வாங்காதீர்கள்.

கத்திகளைக் கடைசிக்கு வையுங்கள். அவற்றின் பிடி பெரும்பாலும் உள்ளே பிசின் நிரப்பிய மெல்லிய வெள்ளிக் கூடு. வெந்நீரில் ஊறவைத்தாலோ டிஷ்வாஷரில் போட்டாலோ பிசின் இளகி அலகு கழன்றுவிடும்.