காற்று ஓய்ந்த இரவில் பத்தாயிரம் வாலா

கேள்வி: சென்னை வேளச்சேரியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கிறோம். எட்டு வயது மகளுக்கு வீசிங் உண்டு. தீபாவளி இரவு பதினொன்றரை வரை எங்கள் ஜன்னலோரம் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். விடியற்காலை மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "ஊரே வெடிச்சுது. காத்து அடிக்கல, புகை நின்னுபோச்சு. நாங்க என்ன பண்றது?" என்கிறார் சங்கச் செயலாளர். காவல் நிலையத்திலும் புகாரை வாங்கவில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. குழந்தை இப்போது தேறியிருப்பாள் என்று நம்புகிறேன்.

செயலாளர் சொல்வது பாதி உண்மை. இரவில் தரை குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் அமுக்கும். புகை மேலேயும் போகாது, நகரவும் நகராது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் போனதும் இப்படித்தான்.

ஆனால், காற்று அடித்ததா என்று பார்த்துச் சட்டம் இந்தக் குற்றத்தை அளப்பதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் சரவெடிக்கே தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. பதினொன்றரை மணி சரவெடி இரண்டையும் மீறியது. மீறல் நடந்தால் அந்தப் பகுதிக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே நேரடிப் பொறுப்பு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. புகாரில் இந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

நேரம் மீறினால் போலீஸ் வழக்கமாகப் போடுவது, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவு: அரசு ஊழியரின் உத்தரவை மீறியது. அது நீதிமன்றத்தில் நிற்க, அரசு ஊழியரின் எழுத்துப்பூர்வ புகார் வேண்டும். நம் கையில் இல்லை. அதனால் 125, 288 பிரிவுகளையும் கேளுங்கள்: பிறர் உயிருக்கு ஆபத்தாக நடந்தது, வெடிபொருளை அலட்சியமாகக் கையாண்டது. நிலையத்தில் மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால்; அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

நஷ்டஈடு கேட்டு சிவில் நீதிமன்றம் போனால்தான் வானிலை வாதம் பலமாக வரும். "ஊர்ப் புகையா, எங்கள் புகையா" என்பார்கள் எதிர்த்தரப்பினர். வேளச்சேரியிலேயே காற்றுத்தர நிலையம் இருக்கிறது. அன்றிரவின் மணிவாரியான பிஎம் 2.5 அளவை, அதாவது காற்றில் கலந்த நுண்துகளின் அளவை எடுங்கள் (24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம்). ஊர்க்கணக்கு அதில் தெரியும். உங்கள் ஜன்னலோரம் நடந்தது குடியிருப்பின் சிசிடிவி வீடியோவில் தெரியும். காற்று ஓய்ந்திருந்தது அவர்களுக்கே தெரிந்திருந்தால், தெரிந்தும் ஏன் தொடர்ந்தார்கள் என்று நான் குறுக்கு விசாரணையில் கேட்பேன்.

டிஸ்சார்ஜ் சம்மரி, கிடைத்தால் அந்த வாலாவின் அட்டைப்பெட்டி, இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் குறியீடும் பெட்டியில் இல்லையென்றால் அது தனிச் சாட்சி. எல்லாவற்றுக்கும் முன்னால், சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றே செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பல குடியிருப்புகளில் சில வாரங்களிலேயே பழைய பதிவு போய்விடும்.