முன்னுக்கு ஒரு பேட், பின்னுக்கு வேறொரு பேட்

வாசகர் கேள்வி – பதில்: பந்தயத் தடத்தில் ஓட்டும் காருக்கான பிரேக் பேடுகள்

கேள்வி: என்னுடைய கார் முன்சக்கர இழுவை கொண்ட ஹேட்ச்பேக். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் உள்ளது. சென்ற மாதம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் முதன்முறையாக ஓட்டினேன். நான்காவது சுற்றுக்குப் பிறகு, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி முன்போல நிற்கவில்லை. பெடல் மட்டும் கல்லைப்போல் இறுகியிருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பந்தய பேடைப் போட்டுவிடுமாறு இங்கே ஒரு கடையில் சொல்கிறார்கள். போடலாமா? (அஸ்தம்பட்டி வாசகர், சேலம்)

பதில்: முன்சக்கரங்களுக்குப் போடுங்கள்; பின்சக்கரங்களுக்கு அதே பேடைப் போட வேண்டாம். (பேட் என்பது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்னும் தட்டை இருபுறமும் கவ்வி வண்டியை நிறுத்தும் உராய்வுக் கட்டை.) இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த முடிவில் தவறினால் வண்டி நிற்கத் தாமதமாவது மட்டுமல்ல, திருப்பத்துக்குள் நுழையும்போது பின்பக்கம் வழுக்கி வண்டியே சுழன்றுவிடவும் கூடும்.

பெடல் இறுகியிருந்தது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய உதவி. பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழ்கள் உண்டாகியிருந்தால், பெடல் மெத்தென்று உள்ளே இறங்கியிருக்கும். பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பேடில் உள்ள இழைகளையும் உலோகத் தூள்களையும் பிணைத்து வைத்திருப்பது ஒரு பிசின். அளவுக்கு மீறிய சூட்டில் அது சிதைந்து வாயுவை வெளிவிடுவதால், பேடுக்கும் டிஸ்குக்கும் இடையிலான உராய்வு குறைந்துபோகிறது.

ஏற்காட்டு மலைப்பாதையில் எத்தனையோ முறை இறங்கியும் இப்படி நேர்ந்ததில்லையே என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 118 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது செலவிட்டாக வேண்டும். அதே கார் டிராக்கின் நேர்ப்பகுதி முடிவில் 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60 கிலோமீட்டருக்குக் குறையும்போது, ஒரே பிரேக்கில் சுமார் 8.75 லட்சம் ஜூல் செலவாகிறது. ஒரு சுற்றில் இதைப்போல் மூன்று மடங்கு பிரேக் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், நான்கரைச் சுற்றுக்குள், அதாவது ஏறத்தாழ பத்தே நிமிடங்களில், முழு மலையிறக்கத்தின் ஆற்றலும் பிரேக் வழியாகவே கடந்துவிடுகிறது. மலையில் அதே ஆற்றல் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பரவிச் செலவாவதோடு, கீழ் கியரில் இறங்குபவருக்கு அதில் பெரும்பங்கை இன்ஜின் சுமந்துகொள்கிறது. உங்கள் பேட் நான்காவது சுற்றில் கைவிட்டதில் வியப்பில்லை.

இனி, முன்னும் பின்னும் ஏன் வேறுபட வேண்டும் என்பதற்கு வருகிறேன். உங்களுடையது போன்ற காரில் நிற்கும்போதே எடையில் சுமார் 62 சதவீதம் முன்சக்கரங்களின் மேல் இருக்கும். முழு வலுவோடு பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழ்ந்து மேலும் 20 சதவீதம் அளவுக்கு எடை முன்னே போவதால், பின்சக்கரங்களுக்கு மிஞ்சுவது 18 சதவீதந்தான். எடை குறைந்த டயருக்குச் சாலையைப் பற்றும் வலுவும் குறைவு. அந்த நேரத்தில் பின் பேட் கடுமையாகக் கவ்வினால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், அதாவது சுழலாமல் சறுக்கும். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு அநேகமாக இல்லை. முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராகச் சறுக்கும், பிரேக்கைச் சற்று விட்டால் திருந்திவிடும். பின்சக்கரம் பூட்டினால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை. என் நண்பர் ஒருவர் முன்னே தேய்ந்த பழைய பேடையும் பின்னே புதிய பந்தய பேடையும் வைத்துக்கொண்டு, மழை பெய்து ஓய்ந்த தடத்தில் இறங்கினார். அருகில் அமர்ந்திருந்த நான் அன்று வண்டி பின்னோக்கித் திரும்பியதை இன்னும் மறக்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். ஏபிஎஸ்ஸும், பின்சக்கர அழுத்தத்தைப் பங்கிடும் அமைப்பும் பெருமளவு காப்பாற்றும். ஆயினும் அவை தொழிற்சாலை பேடை மனத்தில் கொண்டு ஒழுங்கு செய்யப்பட்டவை. அவற்றைத் தடுப்புச்சுவராக எண்ணலாமே தவிர, தவறான தேர்வைச் சரிசெய்யும் மருந்தாக எண்ணக் கூடாது.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. வேலை குறைவாக இருப்பதால் பின் டிஸ்க் முன்னதைப்போல் சூடேறுவதில்லை. பந்தய பேடோ, நன்றாகச் சூடேறிய பிறகுதான் தன் முழுப் பிடிப்பைக் காட்டும். ஆகவே அதே பேடைப் பின்னே போட்டால், முதல் சுற்றுகளில் அது ஏறத்தாழத் தூங்கும். பல சுற்றுகள் கழித்து, நீங்கள் வண்டிக்குப் பழகி வேகத்தைக் கூட்டிய வேளையில் விழித்துக்கொள்ளும். முன்–பின் சமநிலை ஓட்டத்தின் நடுவே மாறுவதுதான் ஓட்டுநருக்கு மிகவும் ஆபத்தானது.

எனவே முன்னே டிராக்குக்கென்று செய்த பேட் ஒன்றையும், பின்னே கூடுமானால் அதே தயாரிப்பாளரின் வரிசையில் ஒரு படி மென்மையான, குறைந்த சூட்டிலேயே வேலை செய்யத் தொடங்கும் பேட் ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். சில பேடுகளின் பின்தகட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள்: முதலாவது சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது மிகுந்த சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கின்றன. ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. பின் பேடின் எழுத்து முன் பேடைவிட உயர்ந்ததாக இருக்கவே கூடாது. ஆனால் எழுத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். எந்த வெப்பநிலையிலிருந்து எந்த வெப்பநிலை வரை பேட் வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் தரும் வரைபடமே முக்கியம், எழுத்து அதைச் சொல்வதில்லை. கையில் இருக்கும் பணம் குறைவென்றால் முன் பேடையும் புதிய பிரேக் ஆயிலையும் முதலில் மாற்றுங்கள்; பின்னே தொழிற்சாலை பேடே இருக்கட்டும். டாட் 4 தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிவரை இறங்கிவிடும். பேட் சூட்டைத் தாங்கத் தொடங்கியதும் அடுத்துக் கைவிடுவது பழைய ஆயில்தான்.

கேள்வி: டிராக்குக்காக வாங்கிய பேடைக் கழற்றாமல் அன்றாடம் ஏற்காடு–சேலம் பாதையில் ஓட்டலாமா? (காபித் தோட்ட வாசகர், ஏற்காடு)

பதில்: வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். மார்கழிக் காலையில், பனிமூட்டத்தில் ஈரமான டிஸ்குகளோடு கிளம்பி முதல் கொண்டை ஊசி வளைவில் மிதிக்கும்போது பேட் சில்லென்று இருக்கும். சாலை பேட் அந்த நிலையிலேயே பிடிக்கும். முழுமையான பந்தய பேட் பிடிக்காது. 20 வளைவுகள் உள்ள பாதையில், முதல் வளைவிலேயே உங்களுக்கு அது தேவைப்படுகிறது. போதாததற்கு, குளிர்ந்த நிலையில் அது டிஸ்கை அரம்போல் அராவும், கீச்சிடும், சக்கரமெல்லாம் கருந்தூளைப் பூசும். சாலை பேடைப் போட்டுக்கொண்டு டிராக்குக்குச் சென்று, அங்கே மாற்றி, திரும்பும்முன் மறுபடி மாற்றிக்கொள்ளுங்கள். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலைதான்.

கேள்வி: என் காரில் பின்னே டிரம் பிரேக். அதற்கும் பந்தய ஷூ தேட வேண்டுமா? (சூரமங்கலம் வாசகர், சேலம்)

பதில்: தேவையில்லை. டிரம் பிரேக்கில் ஷூ என்னும் வளைந்த கட்டைகள் சுழலும் டிரம்மின் உட்புறத்தை அழுத்தி வண்டியை நிறுத்துகின்றன. அதில் முன்னோக்கிய ஷூவைச் சுழலும் டிரம்மே இழுத்து அழுத்திக்கொள்வதால், உராய்வு சிறிது கூடினாலும் பிடிப்பு அதைவிட அதிகமாகக் கூடிவிடும். தொழிற்சாலை ஷூவை விட்டுவிட்டு, ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரில் கசிவு உள்ளதா, இரு பக்கமும் ஒரே அளவில் அட்ஜஸ்ட் ஆகியுள்ளதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: புதிய பேடைப் பதப்படுத்த மலைப்பாதை ஏற்றதா? (கோரிமேடு வாசகர், சேலம்)

பதில்: பதப்படுத்துவது என்றால் பேடின் பொருளை டிஸ்கின் மேல் மெல்லிய, சீரான படலமாகப் படியவைப்பது. அதற்கு வேகத்திலிருந்து பலமுறை பலமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் முழுதாக நிறுத்தாமல் விட்டு, பின்னர் காற்றில் ஆறவிட வேண்டும். பின்னால் பேருந்தும் எதிரே சுற்றுலா வேன்களும் வரும் மலைப்பாதையிலோ கோவை நெடுஞ்சாலையிலோ இதைச் செய்வது பிறருக்குச் செய்யும் தீங்கு. டிராக்கில் முதல் ஓட்டத்தையே இதற்கு ஒதுக்குங்கள். முடிந்ததும் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வந்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரில் விடுங்கள். சூடான நிலையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பேட் டிஸ்கின் ஒரே இடத்தில் ஒட்டிப் பதிந்து, அடுத்த ஓட்டம் முழுதும் பெடல் அதிரும். டிஸ்க் ஆறியபின் உள் பேடையும் வெளி பேடையும் தனித்தனியே பாருங்கள்; ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் பேடுகளை அழுத்தும் காலிபர் நகர்வதற்கான ஊசி (ஸ்லைடு பின்) பெரும்பாலும் இறுகியிருக்கும், அதை முதலில் சுத்தம் செய்து கிரீஸ் இட வேண்டும்.