பிறந்த வருடத்துத் துப்பாக்கி

கேள்வி: டெக்சஸுக்கு வந்து 21 வருடம் ஆகிறது. சமீபத்தில்தான் குடியுரிமை கிடைத்தது. வயதும் ஐம்பதைத் தொட்டுவிட்டது. எனக்கு மான் வேட்டை சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்போது இல்லை. அவர் கையில் எப்போதும் ஒரு வின்செஸ்டர் 94 இருக்கும். அது அவருடைய பேரனிடம் போய்விட்டது. அவர் நினைவாகவும் இந்த வருடத்தின் அடையாளமாகவும் ஒரு லீவர் ரைஃபிள் (அடியில் இருக்கும் பிடியை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வந்து நிற்கும் வகை) வாங்க ஆசை. புதிய ஹென்றியா, புதிய மார்லினா, நான் பிறந்த 1974-இல் செய்த வின்செஸ்டரா? கடையில் தங்கப்பூச்சு போட்ட நினைவுப் பதிப்பு ஒன்றும் காட்டினார்கள். எச்-1பி விசாவில் இருக்கும் என் அண்ணன் மகன், பாதிப் பணம் தருகிறேன், இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்கிறான். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், சான் அன்டோனியோ

பதில்: தம்பி, முதலில் அண்ணன் மகன் விஷயத்தை முடித்துவிடுவோம். அவனிடம் பணம் வாங்காதீர்கள். கடையில் 4473 என்ற படிவம் நிரப்பும்போது, உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்பார்கள். அடுத்தவர் பணத்தில், அவருக்காக வாங்கிக்கொண்டு ‘ஆம்’ என்று எழுதினால் அது குற்றம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அவனுக்கு உங்களோடு காட்டுக்கு வர ஆசை என்றால், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து உரிமம் எடுக்கட்டும். ஒரு குடியேற்ற வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளட்டும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் பையனுக்கு இதில் ஒரு சின்னப் பிசகுகூட வரக்கூடாது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். தங்கப்பூச்சு வேண்டாம். அந்த நினைவுப் பதிப்புகளுக்கு விலையே ‘பெட்டி பிரிக்காதது, ஒரு தோட்டாவும் சுடாதது’ என்பதில்தான் இருக்கிறது. அதிலும் வின்செஸ்டர் 1966-இல் விட்ட நூற்றாண்டுப் பதிப்பு ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அபூர்வம் என்று சொல்வதற்கும் வழியில்லை. பெரியவரோடு காட்டில் நடந்த நாட்களுக்காக வாங்குவதைப் பெட்டியில் பூட்டி வைக்க உங்களுக்கு மனம் வராது.

94 என்பது ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894-இல் வந்தது. அடுத்த வருடமே, 1895-இல், .30-30 தோட்டா வந்து சேர்ந்தது. இந்த ஜோடியை அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் நூறு வருடத்துக்கு மேல் கைவிடவில்லை. 70 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். நியூ ஹேவன் ஆலை 2006-இல் மூடப்பட்டது. இப்போது அதே பெயரில் ஜப்பானில் மிரோகு என்ற நிறுவனம் செய்கிறது; வேலைப்பாடு மிக நன்று.

பிறந்த வருடத்துத் துப்பாக்கி என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 1964-இல் செலவைக் குறைக்க உள்ளே சில மாற்றங்கள் செய்தார்கள். தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் பாகத்தைத் தகட்டில் அடித்துச் செய்தார்கள். பாகங்களை இணைக்கும் திடமான ஊசிகளுக்குப் பதிலாக உள்ளீடற்றவை வந்தன. இந்தப் பாகங்களைத் தாங்கும் நடுக்கூடான ரிசீவரின் உலோகமும் மாறியது. நான் கோயம்புத்தூரில் டூல் ரூமில் தொழில் கற்றவன். அந்த லீவரை மெதுவாக இறக்கும்போது கேட்கிற கடகடப்பை என் காது ஏற்காது. சுடுவதில் குறை சொல்ல முடியாது. 1974-தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் வாங்குங்கள், ஆனால் உலோகத்துக்குத் துருப்பிடிக்காமல் போடும் நீலப்பூச்சு உதிர்ந்ததாக எடுக்காதீர்கள். அந்த ரிசீவரில் சாதாரணப் பூச்சு மறுபடி சரியாகப் பிடிக்காது.

நான் விஸ்கான்சினில் மூத்த மகள் பிறந்த வருடம் ஒரு பழைய மார்லின் 336 வாங்கினேன். ரிசீவரின் அடிப்பக்கத்தில், ஒற்றைக் கையில் தூக்கி நடக்கும்போது விரல்கள் படிகிற இடத்தில், நீலம் தேய்ந்து வெள்ளி போலத் தெரிந்தது. எனக்கு முன் யாரோ வருடக்கணக்காக அதைத் தூக்கி நடந்திருக்கிறார். அந்தத் தேய்மானத்துக்காகவே வாங்கினேன். அப்புறம் புத்தி கெட்டு, தோளில் வைக்கும் மரக்கட்டையைப் புதுசாக்க ஒரு கடையில் கொடுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்துபோய் விளிம்பெல்லாம் மழுங்கிவிட்டது. இன்றும் அந்த இடத்தில் விரல் பட்டால் மனசு வலிக்கிறது. எதை வாங்கினாலும் மெருகேற்றக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வயதில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கண். பழைய 94 வெற்றுத் தோட்டாவை மேல்பக்கமாக வீசும். ரிசீவருக்கு நேர் மேலே தொலைநோக்கி பொருத்த முடியாது. மார்லின் பக்கவாட்டில் வீசும். ரூகர் நிறுவனம் 2020-இல் மார்லினை வாங்கிய பிறகு வட கரோலினாவின் மேயோடனில் செய்கிறார்கள், நன்றாக வருகின்றன. தொலைநோக்கி இல்லாமல் முடியாது என்றால் மார்லின்தான். ஹென்றியும் நல்ல துப்பாக்கி. ஆனால் 1860-இன் ஹென்றிக்கும் 1996-இல் புரூக்ளினில் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கும் பெயர்தான் ஒன்று. அந்தப் பழைய பரம்பரைக்காக வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், 1964-க்கு முந்தைய 94 ஒன்று, .30-30-இல், நாலு இடத்தில் தேய்ந்ததாக. வாங்கும் முன் பேரனிடம் போய்ப் பெரியவரின் துப்பாக்கியைக் கையில் வாங்கித் தொடர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் காலத்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். அதை ஒட்டித் தேடுங்கள். கடையில் குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். திருகுகளின் தலைப்பள்ளம் சிதைந்திருந்தால் தெரியாத கை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டை ரிசீவரோடு சேருகிற இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய 94-இல் தனியாகப் பாதுகாப்பு விசை கிடையாது. பின்னால் இருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பிடித்து, விசை இழுத்தாலும் விழாத அரைநிலைக்கு இறக்கும் பழக்கத்தை வெறுந்துப்பாக்கியில் நூறு முறை செய்து பாருங்கள். தோட்டா தட்டை முனையாக இருக்கட்டும். குழலுக்கு அடியில் இருக்கும் தோட்டாக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது, கூர்முனை முன்னால் இருப்பதன் பிரைமரில் (தோட்டாவின் பின்பக்கம் அடித்தால் தீப்பிடிக்கும் பொட்டு) இடித்து வெடித்துவிடலாம்.

வாங்கிய அன்று கட்டையின் அடித்தகட்டில் இருக்கும் இரண்டு திருகுகளைக் கழற்றி, குடியுரிமை வாங்கிய தேதியையும் பெரியவர் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி உள்ளே வையுங்கள். என்னுடையதில் மகள் பிறந்த தேதி இருக்கிறது. அவள் பன்னிரண்டு வயதில் முதல் மானை எடுத்த இரவு, அந்தத் தகட்டைத் திறந்து காட்டினேன்.