கடலுக்குப் போகிற நாளில் செபம்

தம்பி, தங்கச்சிமடத்திலிருந்து வாரம் மூன்று நாள் விசைப்படகில் போகிறேன், கரைக்கு வந்து செபமாலையை எடுத்தால் இரண்டாவது தேவ இரகசியம், அதாவது இரண்டாவது பத்து மணி, முடிவதற்குள் தூங்கிவிடுகிறேன், விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். குறையவில்லை, உடம்பு அசந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நானும் பாம்பனில் படகேறியவன். செபமாலையின் 53 மணியையும் ஒரே இருப்பில் முடிக்க நினைத்து, கடைசியில் ஒன்றுமே சொல்லாமல் விட்ட காலம் உண்டு. அப்புறம்தான் பிடிபட்டது: வலையை இறக்கி இழுத்துக்கொண்டு போகும்போது கொஞ்ச நேரம் சும்மாதானே இருப்போம், அப்போது 10 அருள் நிறைந்த மரியே, வலை ஏறியதும் நிறுத்திவிட்டு அடுத்த முறை வலை இறக்கும்போது அடுத்த 10. கையெல்லாம் டீசலும் மீன் செதிளும், அதனால் மாலையைத் தொடாமல் விரல் கணுவில் எண்ணுவேன்.

கரையில் இருக்கும் நாளில் திருப்பாடல் 107-ல் 23 முதல் 30 வரை மட்டும் வாசியுங்கள், புயலில் மாட்டிய கடலோடிகள் கடவுளைக் கூப்பிடும் இடம், நமக்கே எழுதியது போலிருக்கும். ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காலைப் பூசைக்குப் போகலாம், புனித அருளானந்தர் 1693-ல் விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஓரியூருக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

சரி, இன்னொன்று, பாயில் படுத்துக்கொண்டு செபமாலை எடுக்காதீர்கள், அதில் யார்தான் முழித்திருப்பார்கள்!