பியானோ மேடையும் பிரதமர் நாற்காலியும்: பதெரெவ்ஸ்கி பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: இக்னாசி யான் பதெரெவ்ஸ்கி யார்? இரண்டே வரியில் சொல்லுங்கள்.

பதில்: 1860இல் இன்றைய உக்ரைனில் உள்ள குரிவூஃப்கா கிராமத்தில் பிறந்தவர். உலகமே கொண்டாடிய பியானோ கலைஞர், 1919இல் போலந்தின் பிரதமர்.

கேள்வி: பியானோ வாசிப்பவரை எப்படிப் பிரதமராக்கினார்கள்? வெறும் புகழுக்காகவா?

பதில்: நல்ல கேள்வி. 1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. ஜெர்மானியச் சிலுவை வீரர்களைப் போலந்து வென்ற கிரன்வால்ட் போரின் 500ஆம் ஆண்டான 1910இல் கிராக்கூ நகரில் தன் சொந்தப் பணத்தில் நினைவுச்சின்னம் எழுப்பினார் இவர். முதல் உலகப்போர் வந்ததும் அமெரிக்கா முழுக்கச் சுற்றி, வாசிப்போடு போலந்துக்காகவும் பேசினார். அதிபர் வில்சனின் ஆலோசகர் ஹவுஸிடம் நெருக்கம் ஏற்பட்டது. 1918 ஜனவரியில் வில்சன் அறிவித்த 14 அம்சங்களில் 13ஆவது, சுதந்திர போலந்து. அதை இவர் ஒருவரே வாங்கிக் கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன்.

நாடு கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல். தலைநகர் வார்சாவில் அதிகாரம் படைத்தலைவர் பில்சுட்ஸ்கி கையில். நேச நாடுகள் அங்கீகரித்திருந்ததோ பாரிசில் இருந்த தேசியவாதத் தலைவர் திமோவ்ஸ்கியின் குழுவை. இருவருக்கும் ஒத்தே போகாது. இரண்டு பக்கமும் சகித்துக்கொள்ளக்கூடிய ஆள் பதெரெவ்ஸ்கிதான். 1919 ஜனவரி 16இல் பிரதமரானார், வெளியுறவுத் துறையும் அவரிடமே. அந்த மாதமே அமெரிக்காவின் அங்கீகாரம் வந்தது.

கேள்வி: பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹூவர், ஏழை மாணவனாக இருந்தபோது பதெரெவ்ஸ்கியின் கச்சேரியை நடத்திப் பட்ட கடனை இவர் தள்ளுபடி செய்தார், பிறகு ஹூவர் போலந்துக்கு உணவு அனுப்பி நன்றி செலுத்தினார் என்கிறார்களே?

பதில்: 1919இல் ஹூவர் தலைமையில் உணவு வந்தது உண்மை. ஆனால் அந்த உதவி தோற்றுப்போன ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும்கூடப் போனது. அவர்களும் கச்சேரிக் கடனைத் தள்ளுபடி செய்தார்களா? வாட்ஸ்அப் ஃபார்வர்டை வரலாறாக எடுக்காதீர்கள்.

கேள்வி: தன் கச்சேரியில் மேடையேறி வாசித்த சிறுவனோடு சேர்ந்து வாசித்தாராமே?

பதில்: இதுவும் ஃபார்வர்டு. அடுத்தது.

கேள்வி: பதவியில் ஒரு வருஷம்கூட இல்லை. தோற்றுப்போன பிரதமர்தானே?

பதில்: வெர்சாய் ஒப்பந்தத்தில் திமோவ்ஸ்கியோடு கையெழுத்துப் போட்டவர் இவர். தான்சிக் துறைமுகம் போலந்துக்குக் கிடைக்காமல் தனி நகரமானது. அதே நாளில் சிறுபான்மையினர் உரிமை ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியிருந்தது. பழி இவர் தலையில் விழுந்தது.

கேள்வி (அதே வாசகர்): கலைஞர் என்பதால் பரிவு காட்டுகிறீர்கள்.

பதில்: சரி, காட்டவில்லை. நிர்வாகம் அவருக்கு வரவில்லை. மனைவி ஹெலெனா அரசு விஷயங்களில் தலையிடுகிறார் என்று அப்போதே முணுமுணுத்தார்கள். டிசம்பரில் விலகினார். ஆனால் அந்த ஜனவரியில் வேறு யார் வந்திருந்தாலும் இரண்டு அரசுகள் இருந்திருக்கும் என்பதே என் வாதம். நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கள், பேசுவோம்.

கேள்வி (அதே வாசகர்): திமோவ்ஸ்கியே ஆகியிருக்கலாமே?

பதில்: பில்சுட்ஸ்கியின் படை வார்சாவில் இருக்கும்போதா?

கேள்வி: எங்கே அடக்கம் செய்தார்கள்?

பதில்: 1941இல் நியூயார்க்கில் இறந்தார். போலந்து மீண்டும் விடுதலையாகும்வரை என்று அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் உடலை வைத்தார்கள். 1992இல் வார்சா போனார்.

கேள்வி: ஹூவர் கதை உண்மையா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: போலந்து இசையமைப்பாளர் ஷோபினின் இசைக்குறிப்புகளின் பதெரெவ்ஸ்கி பதிப்பை வாங்கலாமா?

பதில்: அட்டையில்தான் அவர் பெயர். பெரும்பாலும் ப்ரொனார்ஸ்கி, துர்ச்சின்ஸ்கி இருவரின் உழைப்பு. வெளிவந்தது அவர் இறந்த பிறகு. எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை உங்கள் பியானோ ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: அவருடைய படைப்புகளில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: எல்லோரும் ஜி மேஜர் மினுவெட்டைச் சொல்வார்கள். அதை விடுங்கள், ஏ மைனர் பியானோ கான்செர்ட்டோவைக் கேளுங்கள்.