மகளின் தொழில்முறைத் தொடர்பாடல் பட்டத்துக்காக வீட்டின் மீது கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் வசிக்கிறோம். கணவர் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். நான் முதியோர் இல்லமொன்றில் பகுதிநேரமாகப் பணியாற்றுகிறேன். மகளுக்கு ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தில் தொழில்முறைத் தொடர்பாடல் இளங்கலைப் பட்டத்துக்கு இடம் கிடைத்துள்ளது. கட்டணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 டொலர். புத்தகம், பயணம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 12,000 ஆகும் எனக் கணக்கிட்டிருக்கிறோம். பிள்ளைகள் இருவருக்கும் பொதுவான ஆர்.ஈ.எஸ்.பி. என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் 52,000 டொலர் இருக்கிறது. அதில் 30,000 நாங்கள் போட்டது, 6,000 அரசின் மானியம், மீதி வளர்ச்சி. 13 வயது மகன் பொறியியல் படிக்க விரும்புவதால் அந்தப் பணத்தை அவனுக்கே வைத்துவிட்டு, மகளுக்காக வீட்டின் மீது 40,000 டொலர் லைன் ஒஃப் கிரெடிட் (அந்த வரம்புக்குள் வேண்டியபோது எடுக்கும் கடன்) எடுக்கலாம் என்பது கணவரின் எண்ணம். மகள் பெயரில் ஓசாப் எனும் அரசின் மாணவர் கடன் ஏறுவதை அவர் விரும்பவில்லை. 'பேசவும் எழுதவும் ஒரு பட்டமா?' என்று என் அண்ணன் கேட்கிறார். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: வீட்டின் மீது கடன் வாங்க வேண்டாம். ஓசாப்புக்கு மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆர்.ஈ.எஸ்.பி. பணத்தில் பாதியை அவளுக்கே செலவிடுங்கள். மகனுக்கு அதனால் அநீதி நேராது என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன்.

முதலில் உங்கள் கணவரின் அச்சத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் சமூகத்தில் இதை அடிக்கடி கேட்கிறேன். பிள்ளை கடனோடு வாழ்க்கையைத் தொடங்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தால், பிள்ளையின் பெயரில் வரவேண்டிய மலிவான கடனைப் பெற்றோர் தங்கள் பெயரில் விலையுயர்ந்த கடனாக மாற்றிக்கொள்கிறார்கள். ஓசாப் என்பது மத்திய அரசும் ஒன்ராறியோ மாகாணமும் இணைந்து வழங்கும் உதவி. குடும்ப வருமானத்தைப் பொறுத்து அதில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத மானியமாகவும், மீதி கடனாகவும் வரும். அந்தக் கடனில் மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டியே கிடையாது. படிக்கும் காலத்திலும் இல்லை, படித்து முடித்த பிறகும் இல்லை. மாகாணத்தின் பங்குக்கு மட்டும் படிப்பு முடிந்தபின் வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் வட்டியும் அதற்கு மேல் 1 சதவீதமும் உண்டு. வேலை கிடைக்காமலோ சம்பளம் குறைவாகவோ இருந்தால் திருப்பிச் செலுத்தல் உதவித் திட்டத்தில் சேரலாம். தனியாள் ஒருவரின் ஆண்டு வருமானம் சுமார் 40,000 டொலருக்குக் கீழே இருக்கும்வரை மாதத் தவணை எதுவும் கட்ட வேண்டியதில்லை. அதற்கு மேலே போனாலும் தவணை வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டுத் தவணை தவறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கவனம் தேவை.

வீட்டின் மீது எடுக்கும் கடனில் இந்தத் தயவு எதுவும் இல்லை. அதன் வட்டி பிரைம் வட்டியோடு ஏறி இறங்கும். 2022 தொடக்கத்தில் 2.45 சதவீதமாக இருந்த பிரைம் வட்டி 2023 யூலையில் 7.20 சதவீதமாகி, அடுத்த கோடைவரை அங்கேயே நின்றதை வீட்டுக்கடன் வைத்திருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். முழு 40,000 டொலரையும் எடுத்து 5.5 சதவீதம் வட்டி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், முதலைத் தொடாமலேயே ஆண்டுக்கு 2,200 டொலர் போய்விடும். அரசின் மாணவர் கடனுக்குக் கட்டும் வட்டிக்கு வருமான வரியில் ஒரு சலுகை உண்டு. வீட்டுக்கடன் பணத்தில் கல்விக் கட்டணம் கட்டினால் அந்த வட்டிக்கு எந்தச் சலுகையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பண்டகசாலை வேலையில் ஒரு நீண்ட இடைவெளி விழுந்தால் வங்கி கை வைப்பது உங்கள் கூரையின் மீது.

கணவர் சீட்டுக் கட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டினால், அதைக் கழிவு போட்டு முன்கூட்டியே எடுத்து முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டும் யோசனையும் வீட்டில் எழக்கூடும். 20,000 டொலர்ச் சீட்டில் 3,000 கழிவு போனால் கையில் வருவது 17,000. இருபது மாதத்துக்குள் கட்டி முடிக்கும் பணத்துக்கு அது மிக அதிகமான விலை. சீட்டைக் கடைசிவரை விட்டுச் சேமிப்பாகவே வைத்திருங்கள்.

இனி ஆர்.ஈ.எஸ்.பி. இந்தக் கணக்கிலிருந்து பணம் இரண்டு வழிகளில் வெளியே வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் போட்ட 30,000 டொலர் உங்கள் சொந்தப் பணம்; அதற்கு ஏற்கெனவே வரி கட்டியாயிற்று, எடுக்கும்போது மறுபடி வரி இல்லை. மானியமும் வளர்ச்சியும் சேர்ந்த 22,000 டொலர் கல்வி உதவிக் கொடுப்பனவாக வரும். அது மகளின் வருமானமாகக் கணக்கில் சேரும். ஆண்டுக்குச் சுமார் 16,000 டொலர் வரையிலான வருமானத்துக்கு மத்திய வரி இல்லாததால், கோடைக்கால வேலை மட்டும் செய்யும் மாணவிக்குப் பெரும்பாலும் வரி எதுவும் வராது. நான்காம் ஆண்டில் ஊதியத்துடன் பணிப்பயிற்சி கிடைத்து அவள் வருமானம் கூடினால் நிலைமை மாறும். ஆகவே, இந்த இரண்டாம் வகைப் பணத்தை முதல் இரண்டு ஆண்டுகளிலேயே எடுப்பது நல்லது. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிள்ளைகள் எவருமே படிப்பைத் தொடராமல் போனால் எடுக்காத மானியம் அரசிடம் திரும்பிவிடும். வளர்ச்சிக்கு உங்கள் வருமான வரியோடு மேலும் 20 சதவீதம் வரி விழும். நீங்கள் போட்ட பணத்துக்கு அந்த ஆபத்து இல்லை, அது பொறுத்திருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். முதல் இரண்டு ஆண்டுகளில் கல்வி உதவிக் கொடுப்பனவாக ஆண்டுக்கு 6,000. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் போட்ட பணத்திலிருந்து ஆண்டுக்கு 7,000. மொத்தம் 26,000. நான்கு ஆண்டுச் செலவு 48,000 என்பதால் 22,000 குறைகிறது. கோடையிலும் வார இறுதிகளிலும் மகள் ஆண்டுக்கு 3,500 டொலரைப் படிப்புக்கு ஒதுக்கினால் அதில் 14,000 அடையும். மிஞ்சும் 8,000 டொலரை ஓசாப் பார்த்துக்கொள்ளும். மானியமே கிடைக்காமல் எல்லாம் கடனாக வந்தாலும், பட்டதாரி ஒருத்தி 8,000 டொலர்க் கடனோடு வெளியே வருவது பயப்பட வேண்டிய நிலை அல்ல. இந்தக் கணக்கு அவள் வீட்டிலிருந்தே போய்வருவாள் என்ற அடிப்படையில் போட்டது. 2023இல் ஸ்காபரோவின் இலகு ரயில் நின்றுபோன பின் கெனடி நிலையம்வரை பேருந்தில் போவது அலுப்பான பயணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நகரின் நடுவில் அறை எடுத்தால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் சரிந்துவிடும்.

பணம் எடுக்கச் செல்லும்போது சேர்க்கைச் சான்றைக் கொண்டுபோங்கள். எந்த வகைப் பணம் வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முகப்பில் இருப்பவர் தமக்கு எளிதானதைச் செய்துவிடக்கூடும். முழுநேர மாணவருக்கு முதல் 13 வாரங்களில் கல்வி உதவிக் கொடுப்பனவாக 8,000 டொலருக்கு மேல் எடுக்க முடியாது. நான் சொன்ன 6,000 அதற்குள் அடங்குகிறது.

வரியில் ஒரு சிறு தொகையும் வரும். பல்கலைக்கழகம் தரும் டி2202 என்ற கல்விக் கட்டணப் படிவத்தைக் கொண்டு, மகள் தன் வரிக்குப் பயன்படுத்தியது போக எஞ்சும் கல்விக் கட்டணச் சலுகையை ஆண்டுக்கு 5,000 டொலர்க் கட்டணம் வரையில் தகப்பனாருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இப்போதுள்ள 14 சதவீதக் கணக்கில் அது 700 டொலர் வரி மிச்சம். ஒன்ராறியோ தன் பங்குச் சலுகையை 2017இலேயே நிறுத்திவிட்டதால் மத்திய வரியில் மட்டுமே இது கிடைக்கும். மாற்றியது போக மீந்த சலுகை மகளின் பெயரில் காத்திருக்கும், அவள் சம்பாதிக்கும் காலத்தில் உதவும்.

இனி, பேசவும் எழுதவும் ஒரு பட்டமா என்ற அண்ணனின் கேள்வி. அதை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் படிப்பு எதற்கு உதவும் என்று தெரியாமல் 48,000 டொலர் செலவிடுவதும் தவறே. 2022 இலையுதிர் காலத்தில் ஒரு தம்பதியர் வங்கிக் கடிதமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்கள். வீடு போகப்போகிறது என்று அந்த அம்மா அழுதார். வட்டி ஏறியதால் அவர்களின் மாதத் தவணை வட்டிக்கே போதவில்லை, தவணையைக் கூட்டலாம் அல்லது ஒரு தொகையை முதலில் அடைக்கலாம் என்பதுதான் செய்தி. இரண்டு பக்கக் கடிதத்தில் அந்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கே சில நிமிடங்கள் ஆயின. அந்தக் கடிதத்தை வாசிப்பவர் பதறாதபடி எழுதுவதும், அதை எழுதுவதற்கு முன் சட்டப் பிரிவையும் கடன் பிரிவையும் ஒரே மேசையில் இருத்திச் சம்மதம் வாங்குவதும்தான் தொழில்முறைத் தொடர்பாடல் என்ற தொழில். அறுவைச் சிகிச்சை பற்றி மருத்துவமனை நோயாளிக்குத் தரும் கையேடு, மென்பொருள் ஒன்றின் பயன்பாட்டு விளக்கம், நெருக்கடி நேரத்தில் நகராட்சி விடும் அறிவிப்பு, தொண்டு நிறுவனம் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பம் எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் தாதியர் பட்டத்தைப் போல இந்தப் பட்டத்தின் முடிவில் ஓர் உரிமம் காத்திருப்பதில்லை. வேலை கொடுப்பவர் பட்டத்தைவிட, செய்து காட்டிய வேலையைத்தான் முதலில் பார்ப்பார். சாதாரணச் செய்திக்குறிப்பையும் சமூக ஊடகப் பதிவையும் இப்போது கணினியே எழுதித் தந்துவிடுவதால், புதிதாக வருபவர்களுக்கான தொடக்க நிலை வேலைகள் முன்புபோல் எளிதில் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. எனவே இந்தப் படிப்பை எடுப்பவர் ஏதாவது ஒரு துறையின் உள்விவரத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். சுகாதாரம், நிதி, சட்டம், கட்டுமானம், எதுவானாலும் சரி. விருப்பப் பாடங்களை அந்தத் துறையிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்குத் தமிழ் நன்றாக எழுத வருமானால் அது ரொறன்ரோவில் வெறும் பெருமை அல்ல, கொவிட் காலத்தில் நகராட்சியின் சுகாதார அறிவிப்புகள் தமிழிலும் வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சம்பளத்தைப் பற்றி நான் சொல்வதை நம்ப வேண்டாம். மத்திய அரசின் ஜொப் பேங்க் இணையதளத்தில் தொழில்களுக்கு இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். விளம்பரம், சந்தைப்படுத்தல், மக்கள் தொடர்பு சார்ந்த தொழில்களுக்கு 11202. தொழில்நுட்ப எழுத்தாளருக்கு 51112. ரொறன்ரோப் பகுதிக்கான மிகக் குறைந்த, நடுத்தர, மிக உயர்ந்த ஊதியங்களை மகளையும் அண்ணனையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பாருங்கள். நடுத்தர ஊதியத்தைக் கொண்டு கனவு காணாமல், மிகக் குறைந்த ஊதியத்தில் 8,000 டொலர்க் கடனை அடைக்க முடியுமா என்று பாருங்கள். அடைக்க முடியும் என்றே நான் நினைக்கிறேன்; 40,000 டொலராக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். பல்கலைக்கழகத்தின் திறந்த நாளில், சென்ற ஆண்டு மாணவர்கள் எந்தெந்த நிறுவனங்களில் பணிப்பயிற்சி பெற்றார்கள், அதில் எத்தனை பேருக்கு ஊதியம் கிடைத்தது என்று மகளே கேட்கட்டும். ஊதியமற்ற பயிற்சிக் கோடை ஒன்று வந்தால் 3,500 டொலர் ஒதுக்கும் திட்டத்தில் ஓராண்டு ஓட்டை விழும். சீட்டு இருந்தால் அந்தப் பணத்தை அதற்காக வைத்திருக்கலாம்.

இந்தப் பட்டத்துக்குப் பதிலாக வேறொரு பட்டத்தை முடித்துவிட்டுக் கல்லூரியில் இத்துறையில் ஓராண்டுச் சான்றிதழ் படிக்கும் வழியும் உண்டு. 2024இல் வெளிநாட்டு மாணவர் அனுமதி குறைக்கப்பட்ட பின் ஒன்ராறியோக் கல்லூரிகள் பல பாடநெறிகளை நிறுத்திவிட்டதால், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சான்றிதழ் இருக்கும் என்று நம்பி இன்று திட்டமிட மாட்டேன்.

கடைசியாக மகன். மகளுக்கு 26,000 போன பின்னும் அவனுக்கென 26,000 டொலர் கணக்கில் இருக்கும், அது மேலும் வளரவும் கூடும். அவன் 17 வயதை எட்டும் ஆண்டின் முடிவுவரை அரசு மானியம் தருகிறது: ஆண்டுக்கு 2,500 டொலர் போட்டால் 500, பிள்ளை ஒன்றுக்கு வாழ்நாள் உச்சம் 7,200. முந்தைய ஆண்டுகளில் விடுபட்ட மானியம் இருந்தால் ஒரே ஆண்டில் 5,000 போட்டு 1,000 வரை வாங்கலாம். வீட்டுக்கடன் எடுத்திருந்தால் வட்டியாக மட்டும் போயிருக்கும் 2,200 டொலரை அவன் பெயரில் போடுங்கள். மறுநாளே 440 டொலர் மானியத்துக்கு உரிமை வந்துவிடும். கணவருக்கு வரியில் மிஞ்சும் 700 டொலரையும் அங்கேயே சேர்க்கலாம். மானியக் கணக்கு நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுவதால் இந்த ஆண்டுக்கான பணம் டிசெம்பர் 31க்குள் கணக்கில் இருக்க வேண்டும். மகனுக்கு இதுவரை எவ்வளவு மானியம் வந்திருக்கிறது என்பதை ஆர்.ஈ.எஸ்.பி. நிறுவனத்திடம் இந்த வாரமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.