சாமிக்கண்ணு வின்சென்ட்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தமிழ் சினிமாவின் முன்னோடிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘கீசகவதம்’ என்ற மௌனப்படத்தை எடுத்த நடராஜ முதலியாருக்கும் முன்னால் சாமிக்கண்ணு வின்சென்டை வைத்திருக்கிறீர்கள். யாரோ எடுத்த படங்களை ஊர் ஊராகக் காட்டிப் பணம் சம்பாதித்தவர் அவர். வணிகரைப் படைப்பாளிக்கு முன்னால் நிறுத்துவது முறையா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

வின்சென்ட் வணிகர்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வணிகம் எத்தகையது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூரில் 1883-இல் பிறந்த அவர், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் மாதம் 25 ரூபாய்ச் சம்பளத்தில் வரைபடக்காரராக இருந்தார். 1905-இல், படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்று ஊர் திரும்ப முடிவெடுத்தபோது, அவரிடமிருந்த புரொஜெக்டரையும் ஏசுவின் வாழ்க்கையைக் காட்டும் படச்சுருள்களையும் 2,250 ரூபாய் கொடுத்து வின்சென்ட் வாங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏழரை ஆண்டுச் சம்பளம் அது! இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், எதிர்காலம் உண்டா என்று எவருக்குமே தெரியாத ஒரு பொருளின்மீது அதை வைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்நாளில் படங்கள் பெரும்பாலும் வாடகைக்குக் கிடைப்பதில்லை, சுருளை விலைக்கே வாங்கியாக வேண்டும். கையிலிருப்பதோ சில சுருள்கள். ஓர் ஊரார் பார்த்து முடித்துவிட்டால் படத்தை மாற்ற வழியில்லை; ஊரைத்தான் மாற்ற வேண்டும். ஆகவே படம் காட்டும் கூடாரத்தைப் பிரித்து ரயிலேற்றி, லாகூர், பெஷாவர் வரையிலும், பின்னர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும்கூட அவர் சென்றார். பேசாத படத்துக்குத் திரையருகே ஒருவர் நின்று கதை சொல்ல, தரையில் அமர்ந்து ஜனங்கள் பார்த்த அக்கூடாரங்களில்தான் சினிமா பார்க்கும் பழக்கமே நம்மிடம் உருவாயிற்று.

1914-இல் கோவையில் அவர் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டியதும் அந்தக் கணக்கு தலைகீழானது. இனி ஊர் மாறாது, படம்தான் மாற வேண்டும். சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி அரங்கை எழுப்பியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். யார் முந்தி என்ற வழக்கு எனக்கு முக்கியமில்லை. ஓயாமல் புதுப்படம் கேட்கும் நிரந்தர அரங்குகள் தோன்றிய பிறகுதான், இங்கேயே ஒரு படத்தை எடுத்து, அதில் போட்ட பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கைக்கு இடம் பிறந்தது. முதலியார் காமிராவைக் கையிலெடுத்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். என் வரிசைக்குக் காரணம் இதுவே.

உங்கள் அளவுகோலின்படி பார்த்தாலும் வின்சென்ட் வெளியே நிற்க வேண்டியவரல்லர். டி.பி. ராஜலட்சுமி நடித்து 1933-இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ அவர் பங்கேற்றுத் தயாரித்த படம். கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர். 1942-இல் மறைந்தார். இன்று கோவையில் வெரைட்டி ஹால் சாலை என்று பெயர் சொல்லி ஆட்டோ ஏறுகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஹாலைக் கட்டியவரை அறிவார்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்தபின் நான் முழுமையாக ஏற்கும் குறை ஒன்று என் கட்டுரையில் உண்டு. எடுத்த படச்சுருள்களில் ஒன்றுகூட மிஞ்சாமல் போன நடராஜ முதலியாரை நான் ஒரே பத்தியில் முடித்திருக்கக் கூடாது. அடுத்த கட்டுரை அவரைப் பற்றியது.

அன்புடன்,
ஆசிரியர்